வெறுந்தாளில் விழுந்த கையெழுத்து

அத்தியாயம் 9

கிளிநொச்சிப் பகுதிக் காரியாதிகாரி டி.ஆர்.ஓ. பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கமலாசனி எட்டு மணிக்கே சேலை மாற்றி, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, குசினிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"இஞ்சை, பிட்டுப் பானையிலை தண்ணி வத்திப்போச்சுப் போலை. மணக்குது," என்றான் நடராசா.

"மணக்கட்டும். நீங்கள் சட்டையைப் போடுங்கோ."

"இப்பவோ? அந்தாள் கிளிநொச்சியிலை இன்னும் பல்லு மினுக்கியிராது."

இந்தக் கிழமைதான் கதையைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு நிமிடம் நின்று போவோம். நாலாம் வாய்க்கால் குடியேற்றத்தில் நாற்பத்தொரு வீடு. காடு வெட்டிக் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பத்து வருடமாகிறது. காணி எல்லாருக்கும் ஒரே அளவு. தண்ணீர் அப்படியில்லை. வாய்க்காலின் தலைப்பக்கம் முப்பது வீடு; அங்கே தோண்டிய இடமெல்லாம் ஊற்று. கடைசியில் பதினொரு வீடு, அங்கே பாறை. மேல்வீட்டுக் கிணறுகளில் அந்தப் பதினொரு வீட்டாரும் அள்ள முடியாது, ஏனென்றால் அவர்கள் 'அந்த ஆக்கள்'. சாதியை ஊரில் விட்டுவிட்டு வந்தோம் என்று மேடையில் பேசுவார்கள். உண்மையில் சட்டி பானையோடு அதையும் லொறியில் ஏற்றித்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

ஆகவே கடைசி வீடுகள் வாய்க்கால் தண்ணீரைக் குடித்தன. போன மாரியில் வயிற்றோட்டம் வந்து இரண்டு பிள்ளைகளைப் புதைத்தார்கள். ஒன்று இராசமலரின் மகள்.

அந்த நேரத்தில்தான் அரசாங்கம் ஒரு பொதுக்கிணற்றுக்கு இருபது மூட்டை சீமெந்து தருவதாகச் சொன்னது. கல்லும் உடல் உழைப்பும் ஊர் தரவேண்டும். ஊர் என்றால் கிராம முன்னேற்றச் சங்கம். சங்கம் என்றால் ஏரம்பு, நடராசாவின் தமையன். மாதர் சங்கத்தின் செயலாளர் கமலாசனி. இந்த இரண்டு சங்கத்துக்கும் நடுவில் ஒரு பழைய சைக்கிளில் வந்து இறங்கினார் தில்லைநாதன், கிராம முன்னேற்ற உத்தியோகத்தர்.

சனிக்கிழமை தோறும் பள்ளிக்கூடக் கொட்டிலில் தில்லைநாதன் ஒரு சின்னப் புத்தகத்தை வாசித்தார். உலகத்து நாடுகளெல்லாம் ஒன்றுகூடி எழுதி வைத்தது என்றார். பிறந்த எல்லாருக்கும் உரித்து ஒன்றுதான் என்று அதில் இருந்தது. கமலாசனி முதலில் கொட்டாவி விட்டாள். மூன்றாம் கிழமை கேள்வி கேட்டாள். ஐந்தாம் கிழமை, தலைப்பக்கமும் கடைசிப்பக்கமும் சந்திக்கிற முச்சந்தியில்தான் கிணறு வரவேண்டும் என்று பெண்கள் எல்லாரும் ஒரே பாயில் இருந்து தீர்மானித்தார்கள்.

"பெட்டிசத்திலை 'தாழ்மையுடன்' எண்ட சொல்லு வரப்படாது," என்று, அரசாங்கத்துக்கு எழுதப்போகும் மனுவைப் பற்றித் தில்லைநாதன் சொல்லியிருந்தார். "நீங்கள் கேக்கிறது பிச்சை இல்லை."

"தாழ்மை இல்லாட்டி ஐயாமார் கோவிக்கமாட்டினமோ?"

"கோவிக்கட்டும். கோவத்தோடையும் வாசிப்பினம்."

அதன் பிறகு அறுவடை வந்துவிட்டது. அறுவடை என்றால் நாலாம் வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் வயலில் நிற்பார்கள். எழுதி முடித்த பெட்டிசத்தை வீடு வீடாகக் கொண்டு திரிய யாருக்கும் நேரமில்லை. ஆகவே கையெழுத்தை முதலில் வாங்கிக்கொள்வார்கள், எழுத்து பிறகு. தாளின் மேல் பாதியை வெறுமையாக விட்டு, கீழ்ப் பாதியில் கை வைத்துக் கொடுப்பார்கள். விதைநெல்லுக்கும் அப்படித்தான் கேட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கும் பாலத்துக்கும் அப்படித்தான். பத்து வருடத்தில் ஒரு பிழை வந்ததில்லை.

கமலாசனி வரம்பு வரம்பாக நடந்து நாற்பத்தொரு கையெழுத்தும் வாங்கினாள். இராசமலர் பெருவிரலை மையில் தோய்க்கப் போனவள், நின்று, "அக்கா, நான் பேர் எழுதிப் பாக்கட்டே?" என்று கேட்டு, அரிவாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு தன் பெயரை எழுதினாள். அந்த 'அக்கா' வாயில் வந்து நாலு கிழமைதான் ஆகியிருந்தது. அதற்கு முன்னெல்லாம் மேல்வீட்டுப் பெண் என்றால் 'நாச்சியார்'.

தாளைக் கமலாசனி சங்கப் பெட்டியில் வைத்தாள். பெட்டி இருப்பது ஏரம்பு வீட்டில். முத்திரை குத்தும் சீலும் அங்கேதான். தன் புருஷனின் கூடப்பிறந்தவர் வீட்டில் ஒரு தாளை வைப்பதற்கு யோசிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றியிருக்காது.

கதை நின்ற இடம் அதுதான்.

பத்தேகாலுக்கு ஜீப் வந்தது. ஏரம்பு மாலையோடு முன்னுக்கு நின்றார். வெள்ளைச் சால்வையைக் கழுத்தில் சுற்றி, ஊர்த் திருவிழா அவர் தலையில்தான் நடக்கிறது என்பது போன்ற ஒரு நிற்பு. கொட்டிலுக்குள் ஆண்கள் வாங்கிலில், பெண்கள் பாயில். கடைசி வீட்டுக்காரர் அரைச்சுவருக்கு வெளியே நின்றார்கள்.

கமலாசனி எழும்பிப் போனாள். "இராசமலர், உள்ளை வாவன். சனிக்கிழமையிலை இருக்கிற பாய்தானே?"

"சனிக்கிழமை வேறை, அக்கா. இண்டைக்கு ஐயாமார் வந்திருக்கினம். இதிலை நிண்டாலும் கேக்கும்."

டி.ஆர்.ஓ. கதிரையில் இருந்து நெற்றியைத் துடைத்தார். "உங்கடை பெட்டிசம் முந்தநாள் கிடைச்சது. நாப்பத்தொரு வீடும் ஒரே சொல்லாய் நிக்கிறதை நான் இந்தப் பக்கத்திலை கண்டதில்லை. சந்தோசம்." கிளாக்கரைப் பார்த்தார். "வாசியும்."

கிளாக்கர் தாளை விரித்தார்.

"'எமது கிராமத்துக்கு அரசினரால் வழங்கப்படும் பொதுக்கிணற்றை, பிள்ளையார் ஆலய வளவினுள் அமைத்துத் தரும்படி தங்கள் சமுகத்தைத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்...'"

கமலாசனியின் காதில் முதலில் விழுந்தது 'தாழ்மையுடன்'தான். அந்தச் சொல்லை யார் போட்டது என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. அடுத்த மூச்சில்தான் 'ஆலய வளவினுள்' உள்ளே இறங்கியது.

கோயில் வளவு. அந்தப் பதினொரு வீட்டாரும் பத்து வருடமாக வெளியே நின்று கும்பிடுகிற வளவு. கடையில், பள்ளிக்கூடத்தில் சாதி பார்த்துத் தடுத்தால் குற்றம் என்று சட்டம் வந்திருந்தது. கோயில் படலைக்குள் அந்தச் சட்டம் நுழையவில்லை. ஏரம்பு நாலு எழுத்துப் படித்தவர். கிணற்றை எங்கே வைத்தால் சட்டம் தொட முடியாது என்று பார்த்துத்தான் வைத்திருந்தார்.

தில்லைநாதன் மூலையில் நின்றார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. பேசுவார் என்று கமலாசனி பார்த்தாள். அவர் தன் சைக்கிள் கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

அவள் எழும்பினாள்.

"ஐயா, உந்தக் கையெழுத்தெல்லாம் வாங்கினது நான். வாங்கேக்கை தாளிலை ஒரு எழுத்தும் இல்லை. நாங்கள் கேட்டது முச்சந்தியிலை. கோயில் வளவெண்ட கதையே இருக்கேல்லை."

"பிள்ளை, இரு," என்றார் ஏரம்பு. சத்தம் போடவில்லை. குழந்தை தூக்கத்தில் சிணுங்கினால் தட்டிக்கொடுப்பது போலச் சொன்னார். "ஐயா, தம்பியின்ரை மனுசி. நல்ல பிள்ளை. கொஞ்ச நாளாய்ப் புத்தகம் வாசிச்சுக் குழம்பிப்போச்சு."

வாங்கிலில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

டி.ஆர்.ஓ. சிரிக்கவில்லை. "வெறுந்தாளிலை நாப்பத்தொரு பேர் கையெழுத்து வைச்சியளோ?"

"எங்கடை வழக்கம் அப்பிடி, ஐயா."

"நல்ல வழக்கம்." அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "அம்மா, நீங்கள் சொல்லுறது உண்மையாய் இருக்கலாம். எனக்கு எழுத்திலை இருக்கிறதுதான் தெரியும். முதல் கையெழுத்து... நடராசா. ஆர் நடராசா?"

நடராசா எழும்பினான். வேட்டித் தலைப்பைக் கையில் சுருட்டினான்.

"இது உம்முடைய கையெழுத்தோ?"

"ஓம் ஐயா. என்ரைதான்."

"வைக்கேக்கை மேலை எழுத்து இருந்ததோ, இல்லையோ?"

ஏரம்பு முந்திக்கொண்டார். "ஐயா, என்ரை தம்பி வாசிக்காமல் ஒரு கடுதாசியிலையும் கை வைக்கிற ஆளில்லை. எங்கடை குடும்பத்திலை அப்பிடி மொக்கர் இல்லை."

கொட்டில் முழுவதும் நடராசாவைப் பார்த்தது. எழுத்து இல்லை என்று சொன்னால் தமையன் கள்ளன். வாசிக்காமல் கை வைத்த தானும் மொக்கன். அவன் தொண்டையைச் செருமினான். "ம்," என்றான். அது ஓமா, இல்லையா என்று அவனைப் பெற்றவளுக்கும் தெரிந்திராது.

டி.ஆர்.ஓ. எழும்பினார். "முதல் கையெழுத்துக்காரன்தான் பெட்டிசத்துக்குப் பொறுப்பு. தாள் வெறுமையாய் இருந்தது எண்டு அவர் எழுதி, கையெழுத்து வைச்சு, வெள்ளிக்கிழமைக்குள்ளை கிளிநொச்சியிலை என்ரை கந்தோருக்குத் தந்தால் இடத்தைத் திரும்பப் பாக்கலாம். தராட்டி திங்கட்கிழமை சீமெந்து கோயில் வளவிலை இறங்கும்."

அன்று புதன்கிழமை.

ஜீப் போன புழுதி அடங்குவதற்கு முன்னே கமலாசனி வீதிக்கு ஓடினாள். தில்லைநாதன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

"ஐயா, நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே? முச்சந்தியிலை எண்டு தீர்மானிச்சது உங்களுக்கு முன்னாலைதானே?"

"கமலாசனி, டி.ஆர்.ஓ. என்ரை மேலதிகாரி. நான் முன்னுக்கு வந்து உங்கடை பக்கம் கதைச்சால், நாளைக்கு என்னை மன்னாருக்கு மாத்துவினம். பேந்து இஞ்சை ஆர் வாறது?"

"இப்ப மட்டும் இஞ்சை ஆர் நிக்கிறது?"

அவர் சைக்கிளை நிறுத்தினார். பையைத் திறந்து ஒரு பூல்ஸ்காப் தாளை எடுத்தார். "இது ஒண்டுதான் கிடக்கு. நடராசா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கோ. கொப்பித்தாளிலை எழுதினால் கந்தோரிலை தூக்கி எறிவினம். வெட்டுக்கொத்து இல்லாமல் எழுதுங்கோ. ஒரு சொல்லை வெட்டினாலும் அதையே சாட்டாய்ச் சொல்லுவினம்."

"நீங்கள் நாளைக்கு வருவியளோ?"

"நாளைக்கு எனக்கு நெளுக்குளத்திலை கூட்டம்." சைக்கிளில் ஏறினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். பார்த்து என்ன? போய்விட்டார்.

முச்சந்தியில் கருங்கல் குவியல் கிடந்தது. இரண்டு மாதமாகப் பதினொரு வீட்டு ஆண்களும் பெண்களும் தங்கள் பக்கத்துப் பாறையை உடைத்துச் சுமந்து கொட்டியது. கிணற்றுக் கட்டுக்கு அவர்கள் கல் தருகிறார்கள், தலைப்பக்கத்தார் வெட்டுவார்கள் என்று பேச்சு. இராசமலர் குவியலடியில் நின்று, ஒவ்வொரு கல்லாகக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"வீட்டை கொண்டுபோறன்."

"இராசமலர், நில்லு. வெள்ளிக்கிழமைக்கிடையிலை இவர் எழுதித் தருவார். நான் வாங்குவன்."

இராசமலர் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் கமலாசனிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பெருவிரலை வைச்சிருந்தாலும் மனம் ஆறியிருக்கும்," என்றாள். "விரல் எண்டா ஒரு மைப்பொட்டு. நான் என்ரை பேரை எழுதினனான். என்ரை பேராலை நானே கேட்டிருக்கிறன், எங்களுக்குத் தண்ணி வேண்டாம் எண்டு."

"அது நீ கேட்டதில்லை."

"வாசிச்சவைக்கு அது தெரியுமே?" கூடையைத் தலையில் தூக்கினாள். கமலாசனி கை கொடுக்கப் போனாள்.

"விடுங்கோ நாச்சியார். பாரமில்லை."

கமலாசனியின் கை அந்தரத்தில் நின்றது. ஏரம்பு நாலு பேருக்கு முன்னால் சொன்னதெல்லாம் ஒன்றுமில்லை. இந்த ஒரு சொல் அவளைக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

இராசமலர் பத்து அடி போய் நின்றாள். திரும்பவில்லை. "இனி ஆர் என்ன கொண்டு வந்தாலும் எங்கடை பக்கத்திலை ஒருத்தரும் கை வைக்கமாட்டினம். நான் சொல்லிப்போட்டன்."

பின்னேரம் வெயில் தணிகிற நேரம் நடராசா வயலிலிருந்து வந்தான். கை கால் கழுவினான். தேத்தண்ணி கேட்கவில்லை. கமலாசனி தானே கொண்டுவந்து வைத்தாள்; பக்கத்தில் தாளையும் வைத்தாள். மத்தியானம் முழுவதும் இருந்து எழுதியது. மை சிந்தாமல், வெட்டாமல், மகளின் பள்ளிக்கூட அடிமட்டத்தைப் பிடித்து வரி வரியாக எழுதியிருந்தாள்.

"கை வையுங்கோ."

அவன் தாளைத் தொடவில்லை. "வாசி."

கலியாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவன் ஒரு கடுதாசியை வாசிக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை.

"'நாலாம் வாய்க்கால் நடராசா ஆகிய நான் அறியத்தருவது. பொதுக்கிணறு சம்பந்தமான பெட்டிசத்தில் நான் கையெழுத்து வைத்தபோது தாள் வெறுமையாக இருந்தது. நாங்கள் கேட்ட இடம் முச்சந்தி. கோயில் வளவு என்பது எங்களுக்குத் தெரியாமல் பின்பு எழுதப்பட்டது. தாள் எனது தமையனார் ஏரம்பு அவர்களின் பொறுப்பில்...'"

"நிப்பாட்டு."

நிறுத்தினாள்.

"தமையனார் எண்டு எழுதாதை. சங்கத் தலைவர் எண்டு எழுது."

"ரெண்டும் ஒரே ஆள்தானே?"

"இல்லை." அவன் தேத்தண்ணிப் பேணியைக் கையில் எடுத்தான், குடிக்கவில்லை. "தலைவர் பிழை விட்டால் ஊர் கேக்கும். தமையன் பிழை விட்டால் நான் எங்கை போய்க் கேக்கிறது? காடு வெட்டேக்கை எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்த மாதம், என்ரை காணியையும் சேர்த்து வெட்டினது அவர்தான். அந்தக் காணியிலை இருந்துகொண்டு இதை எழுதச் சொல்லுறாய்."

"அந்தக் காணியிலை இருந்துகொண்டுதான் இண்டைக்கு 'ம்' எண்டனீங்கள்."

அவன் பேணியைக் கீழே வைத்தான். தேத்தண்ணி தளும்பித் தரையில் சிந்தியது.

"அந்த 'ம்'முக்கு அர்த்தம் என்ன?" அவள் விடவில்லை. காலையிலிருந்து அடக்கியது அது. "அங்கை வெளியிலை நிண்டவளுக்கு நான் என்ன சொல்லுறது? என்னை நாச்சியார் எண்டு கூப்பிட்டவள், தெரியுமோ? கூடையைத் தொடவும் விடேல்லை. அந்தத் தாளை வரம்பு வரம்பாய்க் கொண்டு திரிஞ்சது நான். உங்கடை அண்ணை எழுதினார், ஓம். எழுதுறதுக்கு இடம் விட்டுக் குடுத்தது நான்."

வெளியே மாடு ஒருமுறை கத்தியது.

"மாத்தி எழுதினால் வைப்பியளோ?" என்று கேட்டாள்.

"எழுதிக்கொண்டு வா. வாசிச்சுப் பாப்பம்."

ஓம் இல்லை. இல்லையும் இல்லை. அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஒரு சொல், 'தமையனார்'. அதை வெட்டித் 'தலைவர்' என்று மேலே எழுத அரை நிமிடம் போதும். ஆனால் வெட்டிய தாளைக் கந்தோர் எடுக்காது. புதுத் தாள் வேண்டும். கிளிநொச்சிக்குப் போய் வாங்கி வந்து, எழுதி, இவனிடம் கை வாங்கிக்கொண்டு மறுபடி போவதென்றால் காலையில் அங்கிருந்து வந்து மாலையில் திரும்பிப் போகிற ஒரே பஸ் ஓடுகிற வீதியில் வெள்ளிக்கிழமை தப்பிவிடும்.

"சங்கக்கடையிலை பூல்ஸ்காப் தாள் கிடக்கு," என்றாள்.

"சங்கக்கடை பூட்டிக் கிடக்கு. திறப்பு அண்ணையின்ரை மடியிலை."

"தெரியும்."

"எதுக்குத் தாள் எண்டு கேப்பார்."

"சொல்லுவன்."

நடராசா தலை நிமிர்ந்தான். கொட்டிலில் எழும்பி நின்றதிலிருந்து அவள் முகத்தை அவன் நேராகப் பார்த்தது அப்போதுதான். சால்வையை உதறித் தோளில் போட்டான். வாசல் படலையடியில் போய் நின்றான்.

"ரெண்டு தாளாய் வாங்கு," என்றான்.

ஏன் இரண்டு என்று அவள் கேட்பதற்குள், மாட்டைப் பிடித்துக் கட்ட வீதிக்கு இறங்கிவிட்டான்.